பழைய வேனில் மாரான் மரத்தாண்டவர் தரிசனம்

பங்குனி உத்திரம் நெருங்கினால் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் மாரான் பேச்சுதான். பகாங் மாநிலத்தில், குவாந்தான் போகும் வழியில் இருக்கிறது அந்த ஊர். மரத்தாண்டவர் பாலதண்டாயுதபாணி ஆலயம் என்றால் மலேசியத் தமிழர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. சிலர் பஸ் பிடிப்பார்கள், சிலர் சொந்தக் காரில் போவார்கள். நாங்கள் மாமாவின் நிசான் வேனெட்டில் போவோம். கார்புரேட்டர் வண்டி, எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வழி நெடுக தொடை சுடும்.

சமதளத்தில் அந்த வண்டிக்கு ஒரு குறையும் கிடையாது. சோதனை காராக் நெடுஞ்சாலையில்தான். கோம்பாக் டோலைத் தாண்டியதும் ஏற்றம் பிடித்தால் கெந்திங் செம்பா சுரங்கம் வரை விடாது. ஆள், பாத்திரம், பால்குடச் சாமான் என்று நிறைத்துக்கொண்டு ஏறும்போது வேகம் குறையும். வேகம் குறைந்தால் ரேடியேட்டரில் மோதும் காற்றும் குறையும். எஞ்சினோ அந்த நேரத்தில்தான் மூச்சு முட்ட இழுத்துக்கொண்டிருக்கும். உத்திரத்து வெயிலும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

அதனால் விரதம் தொடங்கிய கையோடு மாமா வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுவார். மெக்கானிக் அண்ணன் அதிகம் பேசமாட்டார். ஒரு வருஷம் முன் சீட்டைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்தார். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவில் பூச்சியும் புழுதியும் களிமண்ணாக அப்பிக் கிடந்தன. ஏர்கோன் கண்டன்சர் முன்னால் மறைத்துக்கொண்டிருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சினார். வேகமாக அடித்தால் தகடு மடங்கிக் காற்றுப் போக வழியில்லாமல் ஆகிவிடும்.

அப்புறம் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடேறியதும் நிறுத்திவிட்டு, விசிறியைக் கையால் ஒரு சுண்டு சுண்டினார். விசிறியை எஞ்சினோடு இணைக்கும் விசிறிக் கிளட்ச் நன்றாக இருந்தால் உள்ளே உள்ள சிலிக்கான் எண்ணெய் பிடித்துக்கொள்ளும். விசிறி இறுக்கமாகத்தான் திரும்பும். மாமாவின் விசிறி திருவிழா ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

"இதோட மலை ஏற முடியாதுண்ணே," என்றார். கிளட்ச் புதிதாக வந்தது. ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது, அதையும் மாற்றினார்.

மூடிதானே என்று பலர் விட்டுவிடுவார்கள். எனக்குத் தெரிந்து பாதிக் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். அழுத்த அளவு 0.9 என்று போட்ட மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். கூலண்ட் பாதிக்குப் பாதி கலந்தால் இன்னும் சில டிகிரி கூடுதலாகத் தாங்கும். குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டினால் உள்ளே துருவும் உப்பும் படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைபட்டுப்போகும். எஞ்சின் சூடேறியதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் கதவுதான் தெர்மோஸ்டாட். அதைக் கழற்றிப் போட்டுவிட்டால் சூடு ஏறாது என்று நம் ஊரில் ஒரு வைத்தியம் உண்டு. மெக்கானிக் அண்ணன் அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை, எனக்கும் அதில் நம்பிக்கை கிடையாது. அந்தக் கதவு மாட்டிக்கொண்டு திறக்காவிட்டால் புதிதாக மாற்ற வேண்டியதுதான்.

கிளம்பும் அன்று விடியற்காலையில் அத்தை சூடம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நசுக்கிக்கொண்டு புறப்பட்டோம். பின்னால் ஒரு டப்பா நிறையத் தண்ணீர்.

கோம்பாக் தாண்டியதும் மாமா ஏர்கோனை அடைத்தார். பிள்ளைகள் முனகினார்கள். கம்ப்ரெசரின் பாரம் ஒரு பக்கம், கண்டன்சர் ரேடியேட்டரின் மேல் ஊதும் சூடு மறுபக்கம். ஏற்றத்தில் இரண்டும் வேண்டாத வேலை. குளிர் நாடுகளில் ஹீட்டரைத் திறந்துவிட்டு எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இறக்குவார்களாம். நம் பழைய வேன்களில் ஹீட்டருக்கு எங்கே போவது? ஜன்னலைத் திறந்துகொண்டு "வேல் வேல்" என்று சொல்லிக்கொண்டு வந்தோம்.

லோரிகளோடு இடது தடத்திலேயே மூன்றாவது கியர், இழுவை குறைந்ததும் உடனே இரண்டாவது. நான்காவதில் வைத்து அழுத்திக்கொண்டே போனால் எஞ்சின் திணறும். தண்ணீர்ப் பம்பும் விசிறியும் எஞ்சின் சுற்றும் வேகத்துக்குத்தான் சுற்றும் என்பதால் அவையும் சோர்ந்துவிடும். மாமாவின் கண் பாதி நேரம் சூடு காட்டும் முள்ளில்தான் இருந்தது. பாதிக்குச் சற்று மேலே ஏறி அங்கேயே நின்றது.

சுரங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரத்தில் ஒரு வேன், அடியிலிருந்து ஆவி. மஞ்சள் வேட்டியில் ஓர் இளைஞர் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மூடியைத் திறக்கப் போனார். மாமா வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறக்கும்போதே கத்தினார்:

"தம்பி, மூடியத் தொடாதீங்க! மூஞ்சியில அடிச்சிரும்!"

அவர்கள் வண்டியில் இருந்த பெண்களையும் குழந்தைகளையும் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னோம். மாமா அவசரப்படவில்லை. அரை மணி நேரம் கழித்துத் துணியோடு மேல் ஹோஸை அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து, ஹோஸ் தளர்ந்த பிறகுதான் மூடியை மெல்லத் திருப்பினார். கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் சிலிண்டர் ஹெட் வெடித்துவிடலாம். அதனால் ஆறிய பிறகு, எஞ்சினை ஓடவிட்டு, எங்கள் டப்பாத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். அத்தைக்கு நேரமாகிறதே என்ற கவலை. "முருகன் எங்கேயும் போயிட மாட்டான்," என்றார் மாமா.

சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் வண்டிக்குள் "அரோகரா" எழுந்தது. லெந்தாங் பக்கம் இறக்கம். அங்கே வேறு கவலை: பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். கியரைக் குறைத்து எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும்படி வந்தோம்.

மாரானில் கூட்டம் நெருக்கியது. பிரிட்டிஷ் காலத்தில் சாலை போட வந்த நம் ஆட்கள் ஒரு மரத்தை வெட்டப்போக, அதிலிருந்து ரத்தம் கசிந்ததாம். மரத்தை விட்டுவிட்டுச் சாலையைத் தள்ளிப் போட்டார்கள் என்று சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்த மரத்தில்தான் முருகன் குடிகொண்டிருக்கிறான். காடு வெட்டிச் சாலை போட்டவர்களின் சாமி என்பதாலோ என்னவோ, எனக்கு இந்தச் சன்னிதியில் பத்துமலையைவிட நெருக்கம் அதிகம். அத்தை பால்குடம் எடுத்தார். வெயிலில் கால் கொப்பளிக்க நடந்தும் முகத்தில் வாட்டமே இல்லை. அபிஷேகம் முடிந்து விபூதியை வாங்கியபோது கண்கள் கலங்கியிருந்தன. பிள்ளைகள் அன்னதானப் பந்தியில் இரண்டாவது முறை சாம்பார் கேட்டார்கள்.

சாப்பிட்டதும் கிளம்பலாம் என்றவர்களை மாமா தடுத்துவிட்டார். திரும்பும்போது பெந்தோங் பக்கத்திலிருந்து மறுபடி ஏற வேண்டும், மதிய வெயிலில் வேண்டாம் என்றார். எஞ்சின் ஆறியிருந்ததால் மூடியைத் திறந்து அளவு பார்த்து, குறைந்ததை நிரப்பினார். பொழுது சாய்ந்துதான் புறப்பட்டோம். முள் பாதியைத் தாண்டவில்லை. கோம்பாக் டோல் விளக்குகள் தெரிந்ததும் மாமா, "எந்த மாமாக் கடை திறந்திருக்கும்?" என்று கேட்டார். இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையை இங்கே அப்படித்தான் சொல்வோம். "விரதம் இன்னும் முடியல, வீட்டுல இட்லி மாவு இருக்கு," என்றார் அத்தை.