தாடையில் தங்கியிருந்த அச்சம்

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்றாக அறிவித்த சில வாரங்களில், தாடை வலியுடன் கண்விழிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பல்லில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணியிருந்தேன். ஓர் இரவு, அன்றைய தொற்று எண்ணிக்கையைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், மேற்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதையும், தோள்கள் காதருகே ஏறி நிற்பதையும் உணர்ந்தேன்.

அச்சம் எழுந்தால், ஆபத்தை எதிர்கொள்ள உடலைத் தயார்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்பட்டு, இதயம் விரைந்து துடிக்கிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ ஆயத்தமாகத் தசைகள் இறுகுகின்றன. ஆபத்து சில நிமிடங்களில் நீங்கினால் இறுக்கமும் நீங்கிவிடும். மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்நாட்களிலோ, அது இறங்க வழியின்றி உடலிலேயே தங்கிவிட்டது.

அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த படிப்படியான தசைத் தளர்வுப் பயிற்சியை அப்போதுதான் தொடங்கினேன். வலது கையை மூடி, ஐந்து விநாடி இறுக்க வேண்டும். பிறகு மெல்ல மெல்ல அல்லாமல், சட்டென்று விட்டுவிட வேண்டும். விரல்கள் தாமாக விரிய, உள்ளங்கையில் வெதுவெதுப்புப் பரவி, கை கனத்துப் படுக்கையில் அமிழ்வதை இருபது விநாடியாவது கவனிக்க வேண்டும். இவ்வாறே முன்கை, நெற்றி, தாடை, தோள், வயிறு, தொடை, பாதம் என்று செல்லலாம். மூச்சை அடக்கக் கூடாது.

தொடக்கத்தில் நான் இறுக்குவதையே பயிற்சி என்று கருதி முழு வலுவையும் செலுத்தியதில், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு பெரும் வேதனையாகிவிட்டது. அளவான இறுக்கமே போதும். காயமோ மூட்டு வலியோ உள்ள இடத்தை விட்டுவிடுவதே நல்லது. இறுக்குவது, இறுக்கம் எப்படியிருக்கும் என்பதை உடலுக்கு அடையாளம் காட்டுவதற்காக மட்டுமே. இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வேறுபாடு பிடிபடுவதற்கு எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின.

சீனாவின் ஹைனானில் கோவிட் நோயாளிகள் 51 பேரைக் கொண்டு 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையுடன் நாள்தோறும் அரை மணி நேரம் வீதம் ஐந்து நாட்கள் இப்பயிற்சியைச் செய்தவர்களுக்குப் பதற்றம் தணிந்து, உறக்கமும் மேம்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆயினும் தனிமை அறையில் படுத்திருந்தவர்களுக்கும் இது கைகொடுத்தது என்பது என்னை நெகிழச் செய்தது.

இப்போது முழுப் பயிற்சியை உறங்கப்போகும் முன் மட்டுமே செய்கிறேன். பகலில், கெட்ட செய்தி ஏதேனும் வந்தால், உதடுகள் மூடியிருக்க, பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்.