கோவளத்தில் 25.75 கிலோமீட்டர்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் குறுந்தூர டிரையத்லானுக்காகச் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் போகிறவர்கள் முந்தின நாள் மாலையே போய்ச் சேர்வது நல்லது. கடலைப் பார்க்க வேண்டும். திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) ஏறத்தாழ 25 கி.மீ.தான், விடிகாலையில் கிளம்பினால் போதும் என்று தோன்றும். போதாது. இருட்டில் வந்து இறங்கி, எண் ஒட்டி, சைக்கிளை நிறுத்திவிட்டு நிமிர்வதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தெரியாமல் இறங்க வேண்டிவரும்.

750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். இதை ஸ்பிரிண்ட், அதாவது விரைவோட்டம், என்கிறார்கள். பெயரை நம்ப வேண்டாம். சாதாரண ஹைபிரிட் சைக்கிளோடு முதல்முறை வருகிறவருக்கு நீச்சல் 20 நிமிடம், சைக்கிள் 50, ஓட்டம் 35 என்று கூட்டினாலே ஒன்றே முக்கால் மணி நேரம். ஆடை, காலணி மாற்றும் நேரம் அதற்கு மேல். அந்த நேரத்தைத்தான் யாரும் கணக்கில் வைப்பதில்லை. மாதக்கணக்கில் பயிற்சி செய்து ஓட்டத்தில் குறைத்த இரண்டு நிமிடத்தை, ஈரக் காலில் சாக்ஸ் மாட்டும் இடத்தில் தொலைத்துவிட்டு நிற்பவர்களை எல்லாப் போட்டியிலும் பார்க்கலாம்.

மாலையில் கரையில் நின்று பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, அலை எங்கே உடைகிறது. வரிசையாக வெள்ளை நுரை கட்டும்போது நடுவில் ஓர் இடம் மட்டும் அலையில்லாமல், கலங்கிய நிறத்தில் அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்கக் கூடாது. கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் திரும்பி ஓடும். அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்திப் பயனில்லை. கரைக்கு இணையாக வடக்கிலோ தெற்கிலோ கொஞ்ச தூரம் போனால் இழுப்பு விட்டுவிடும். இரண்டாவது, நீரோட்டம். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் சோழமண்டலக் கரையோரம் தண்ணீர் தெற்கே தள்ளும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கே தள்ளும். ஜனவரிப் போட்டி என்றால், நீந்த வேண்டிய பாதையைக் காட்டும் மிதவைக்குச் சற்று வடக்கே குறிவைத்து நீந்துங்கள், தண்ணீரே உங்களை மிதவைக்குக் கொண்டுபோய்விடும். நேராகக் குறிவைத்தால் மிதவைக்குத் தெற்கே போய் நின்று, எதிர்நீச்சல் போட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். சந்தேகமிருந்தால் படகு தள்ளும் மீனவர் ஒருவரைக் கேட்கலாம். எந்தச் செயலியையும்விட அவர் சொல்வது சரியாக இருக்கும்.

மூன்றாவது, சூரியன். மாலையில் அது முதுகுக்குப் பின்னால் இருப்பதால் யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் கோவளத்தில் கடலுக்குள் போவது என்றால் கிழக்கே போவது. ஆறரை, ஏழு மணிக்கு வெயில் நேராகக் கண்ணில் விழும். ஆரஞ்சு மிதவை அந்த ஒளியில் கரைந்துவிடும். கறுப்புச் சாய நீச்சல் கண்ணாடி கொண்டுபோவது உதவும். திரும்பி வரும்போது மணலைப் பார்த்து வரக் கூடாது. கரை முழுவதும் ஒரே மாதிரிதான் தெரியும். வெளியேறும் இடத்துக்குப் பின்னால் உயரமாக நிற்கும் கட்டடத்தையோ மரத்தையோ முந்தின மாலையே அடையாளம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பார்த்தால் போதும். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு கீழே போய்விடும்.

குளிருக்காகப் போடும் ரப்பர் நீச்சல் உடையான வெட்சூட் பற்றிய கேள்விக்கே இடமில்லை. இந்தத் தூரத்தில் தண்ணீர் 22 டிகிரிக்கு மேல் இருந்தால் அதை அணியக் கூடாது என்பது சர்வதேச விதி. நம் கடல் ஜனவரியிலும் அவ்வளவுக்கு இறங்காது.

காலை நான்கு மணிக்கு இரண்டு மூன்று இட்லி, கொஞ்சம் சர்க்கரை, ஒரு வாழைப்பழம். சாம்பாரும் தேங்காய்ச் சட்னியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அலையில் புரளும்போது மேலே வருவது அவைதான். கழுத்திலும் அக்குளிலும் வாசலின் தடவ வேண்டும். உப்புத் தண்ணீரில் துணி உரசினால் ஓட்டத்தின்போது எரியும்.

இறங்கும்போது தொடையளவு தண்ணீர் வரை முழங்காலைத் தூக்கி ஓடி, பிறகு அலைக்கு அடியில் பாய வேண்டும். நெஞ்சால் அலையை முட்டக் கூடாது. முதல் 100 மீட்டரில்தான் மூச்சுத் திணறல் வரும், குளத்தில் இரண்டு கி.மீ. நீந்துகிறவர்களுக்கும் வரும். பதற்றத்தில் மூச்சை வெளியே விடாமல் அடக்கிக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம். உள்ளே இருக்கும் காற்று போகாமல் புதுக் காற்றுக்கு இடமில்லை. மல்லாந்து படுத்து, நீளமாக ஊதி விட்டு, பத்து மூச்சு எண்ணிவிட்டுத் தொடரலாம். காவல் படகைப் பிடித்து நின்று இளைப்பாறுவதற்கும் பொதுவாக விதியில் இடம் உண்டு, பிடித்துக்கொண்டு முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். 1974இல் சான் டியேகோவின் மிஷன் பேயில் நடந்த முதல் டிரையத்லானில் ஓட்டம் முதலிலும் நீச்சல் கடைசியிலும் இருந்தது. களைத்த உடம்போடு ஆளைத் தண்ணீரில் இறக்கினால் என்ன ஆகும் என்று யோசித்தால், வரிசை ஏன் இன்று தலைகீழாக இருக்கிறது என்பது விளங்கும்.

சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் கடல்நீராலேயே கழுவுங்கள். மணலைப் போட்டுத் தேய்ப்பதும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும் எரிச்சலைக் கூட்டும்.

கரையேறியதும் தலை சுற்றும். இவ்வளவு நேரம் படுத்த நிலையில் கைக்கு ஓடிய ரத்தம் திடீரென்று காலுக்கு இறங்க வேண்டும். கடைசி 50 மீட்டரில் காலைக் கொஞ்சம் அதிகமாக உதைத்து வந்தால் இது குறையும். சைக்கிள் நிற்கும் கம்பியைத் தேடி அலைவதும் இந்த மயக்கத்தில்தான். நுழைவாயிலிலிருந்து எத்தனையாவது வரிசை என்று காலையிலேயே இரண்டுமுறை நடந்து எண்ணி வையுங்கள். பக்கத்தில் நிற்கும் பச்சை சைக்கிளை அடையாளமாக வைத்தால், அதன் சொந்தக்காரர் உங்களுக்கு முன்பே கிளம்பியிருப்பார்.

கோவளத்தில் பெரிய எதிரி மணல். சைக்கிளுக்குக் கீழே ஒரு பழைய துண்டு, பக்கத்தில் ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீர். காலில் ஊற்றி, துண்டில் இரண்டு மிதி மிதித்து, உள்ளே பவுடர் தூவிய காலணியில் நுழைக்க வேண்டும். விரலிடுக்கில் மணல் இருந்தால் ஓட்டத்தின் மூன்றாவது கிலோமீட்டரில் கொப்புளம் நிச்சயம். நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் கயிறு போட்டிருந்தால் முடிச்சுப் போடும் நேரம் மிச்சம். ஹெல்மெட்டை வாரைத் திறந்து ஹேண்டில்பாரில் கவிழ்த்து வையுங்கள். வார் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும். திரும்பி வந்ததும் சைக்கிளைக் கம்பியில் மாட்டிய பிறகுதான் வாரைக் கழற்ற வேண்டும். இந்த இரண்டிலும்தான் புதியவர்கள் தண்டனை வாங்குகிறார்கள். சைக்கிளில் ஏறுவதற்காகப் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டும் வரை அதைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கியரை முன்கூட்டியே இலேசில் வைத்திருந்தால் முதல் மிதியிலேயே நகரும்.

டயரில் காற்று 120 வரை ஏற்றுகிற பழக்கம் இங்கே பலருக்கு. 70 கிலோ எடைக்கும் 25 மி.மீ. டயருக்கும் 80–90 பிஎஸ்ஐ போதும், ஹைபிரிட்டின் தடித்த டயருக்கு 60 பக்கம். அதற்கு மேல் போனால் சாலையின் சொரசொரப்பில் துள்ளும், வேகம் கூடாது. பஞ்சரில் பெரும்பங்கு லாரி டயரிலிருந்து உதிர்ந்து சாலையோரம் ஒதுங்கிக் கிடக்கும் மெல்லிய கம்பித் துண்டுகளால் வருவது. ஓரக் கோட்டுக்கு உள்ளேயே ஓட்டுங்கள். ஒரு டியூப், டயரைக் கழற்ற இரண்டு நெம்பி, கைப்பம்பு கட்டாயம்; டியூபை மாற்றுமுன் டயரின் உட்புறத்தை விரலால் தடவிக் கம்பியை எடுக்காவிட்டால் புது டியூபும் போகும்.

தெற்கே திருவிடந்தை, முதலைப் பண்ணை, நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை எல்லாம் தாண்டிப் பட்டிபுலம் பக்கம் திரும்பினால் ஏறத்தாழ 10 கி.மீ. ஏற்றமே கிடையாது. வாடை முதுகில் அடிப்பதால் போகும்போது மணிக்கு 32 கி.மீ. காட்டும் வேகமானி, திரும்பும்போது அதே உழைப்புக்கு 26தான் காட்டும். போகும் வேகத்தைப் பார்த்துக் கனமான கியர் போட்டவர்கள் திரும்பும் வழியில் கால் ஓய்ந்துவிடுகிறார்கள். மிதி நிமிடத்துக்கு 85–90 சுற்று வரும் கியரில் இருங்கள். திரும்புமிடம் வலது வளைவு: முன்பே கியரைக் குறைத்து, வலது மிதியை மேலே வைத்து, வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிட வேண்டும். ஞாயிறு காலை திருவிடந்தைக் கோயிலுக்குத் திருமண வேண்டுதலோடு வரும் கார்கள் உங்களைக் கவனிக்காமல் திரும்பும். முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது என்ற விதி உள்ள போட்டியில் 10 மீட்டர் இடைவெளி, முந்துவதற்கு 20 விநாடி.

அரை லிட்டர் உப்புச்சர்க்கரைக் கரைசலை சைக்கிளிலேயே குடித்து முடியுங்கள். ஓட்டத்தில் குடித்தால் வயிறு குலுங்கும். கடைசி ஒரு கி.மீ. இலேசான கியரில் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினாலும், முதல் கிலோமீட்டரில் கால் யாருடையதோ போலத்தான் இருக்கும். அப்போது நாம் உணரும் வேகம் ஏமாற்றும்: சைக்கிளின் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு ஓட்டம் மெதுவாகத் தெரிவதால் பலர் தங்களை அறியாமல் கூடுதல் வேகத்தில் ஓடிவிடுகிறார்கள். தனி ஐந்து கி.மீ. ஓட்டத்தைவிடக் கிலோமீட்டருக்கு 20–30 விநாடி மெதுவாகத் தொடங்கலாம். வெயில் ஏறியிருக்கும், ஈரப்பதத்தில் வியர்வை உலராது. தண்ணீர் மேசையில் ஒரு குவளை தலைக்கும் பிடரிக்கும், ஒரு வாய் தொண்டைக்கு.

முடிந்ததும் மீன் வறுவல் தேடிப் போவதற்கு முன் சைக்கிளைக் கவனியுங்கள். உங்கள் உடம்பிலிருந்து சொட்டிய கடல்நீர் ஹேண்டில்பார் போல்ட்டிலும் செயினிலும் இருக்கிறது. கரையோரக் கிணற்று நீர் உப்பாக இருக்கலாம், வாயில் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் செயினைத் துடைத்து, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். களைப்பில் நாளைக்கு என்று விட்டால் காலையில் செயின் துருப்பிடித்துச் செம்பழுப்பாக இருக்கும்.