அந்த ஒரு சொல் என்னுடையது

“டீச்சர், முழுப் பக்கமும் தேடினேன். ‘தட்டவில்லை’ இல்லை.”

புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான். என் தமிழ் வகுப்பு மாணவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். தமிழை ஏட்டிலிருந்து கற்றுக்கொண்டவர் என்பதால் பேச்சும் அச்சடித்த மாதிரிதான் இருக்கும். ஒரு கையின் விரல் புத்தகத்தில். இன்னொரு கையில் அதே கதைக்கு நான் கொடுத்திருந்த பிரதி. அதில் ‘தட்டவில்லை’ என்ற சொல்லின் கீழே பென்சிலால் இரண்டு கோடுகள்.

அந்தச் சொல் கதையாசிரியருடையது அல்ல, என்னுடையது. மூலத்தில் இருந்தது இப்படி: “கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தவனுக்கு உள்ளே விளக்கு அணைந்தது பதிலாகப் பட்டது.” இரண்டாம் மொழியாகத் தமிழ் படிப்பவர்களுக்கு இது எட்டாது என்று நினைத்து உடைத்தேன். “அவன் கதவின் முன் நின்றான். தட்டவில்லை. உள்ளே விளக்கு அணைந்தது. அவன் திரும்பிப் போனான்.”

அதற்கு முந்தைய வகுப்பில் அந்த ஒற்றைச் சொல் வாக்கியத்தை அவர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். “இந்த எழுத்தாளர் குறைவாகப் பேசுகிறார். எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது” என்றார். நான் தலையாட்டினேன். அப்போதே சொல்லியிருக்கலாம். வகுப்பின் ஓட்டத்தைக் கெடுக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மறுபாதி, கேட்க சந்தோஷமாக இருந்தது.

புத்தகத்தோடு அவர் வந்த அன்று, “நான்தான் கொஞ்சம் எளிமைப்படுத்தினேன்” என்றேன். அவர் கோபப்படவில்லை. பிரதியை நான்காக மடித்தார். “அப்படியானால் நான் இன்னும் தமிழில் ஒரு கதையும் படிக்கவில்லை.”

“நீங்க படிச்சதும் தமிழ்தானே சார்?”

இந்தப் பதிலைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். தப்பான பதில் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை.

நான் செய்ததற்கு நியாயம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரு கதையில் எத்தனை சொல் தெரிந்திருந்தால் பிறர் துணையில்லாமல் புரியும் என்று சோதித்துப் பார்த்தார்கள். நூறு சொல்லுக்குத் தொண்ணூற்றெட்டு தெரிந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஐந்தில் ஒரு சொல் தெரியாமல் படித்தவர்களில் ஒருவருக்குக்கூடக் கதை போதிய அளவு புரியவில்லை. நான் எடுத்த பக்கத்தில் 212 சொற்கள். என் வகுப்புக்குத் தெரியாதவை என்று வட்டமிட்டது அறுபதுக்கு மேல். அதை அப்படியே கையில் கொடுப்பது நீச்சல் தெரியாதவரைக் கிணற்றில் இறக்குவதுபோல.

ஆனால் அந்த எண்ணிக்கையே எனக்கு இப்போது சந்தேகம். ‘நின்றுகொண்டிருந்தவனுக்கு’ என்பது ஒரு சொல்லா? ‘நில்’ அவருக்குத் தெரியும். ‘கொண்டிருந்தான்’ தெரியும். ‘அவனுக்கு’ முதல் மாதத்திலேயே தெரியும். எல்லாம் ஒன்றாகக் கோத்து வந்தபோதுதான் தெரியவில்லை. நான் அதைத் தெரியாத சொல் என்று வட்டமிட்டுத் தூக்கிவிட்டேன். கோவையை அவிழ்க்கக் கற்றுக்கொடுத்திருந்தால் வட்டங்களில் பாதி குறைந்திருக்கும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். வாக்கியத்தை உடைக்க எனக்கு ஆனது இரண்டு நிமிடம்.

‘பட்டது’ என்ற சொல்லை நான் வெட்டியதற்குக் காரணம் வேறு. அடி பட்டது, கண்ணில் பட்டது, எனக்கு அப்படிப் பட்டது, சொல்லப்பட்டது: இத்தனையையும் எப்படி விளக்குவது என்று மலைத்தேன். மூலத்தைக் கையில் எடுத்த பிறகு அவர் அகராதியில் தேடியது ‘பட்டு’. கிடைத்தது பட்டுத் துணி. வினையை அகராதியில் தேட ‘படு’ என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தானே அகராதியைத் திறக்கிறார்கள்.

இதில் என்னை உறுத்துவது இன்னொன்று. பிரதியை முதலில் வாசித்த அன்று வகுப்பில் ஒருவர், “விளக்கு அணைந்தால் அவன் ஏன் போக வேண்டும்?” என்று கேட்டார். நான் பத்து நிமிடம் விளக்கினேன். கேள்விக்கு விடை மூலத்தில் இருந்தது. விளக்கு அணைந்ததை அவன் பதிலாக எடுத்துக்கொண்டான் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். கடினம் என்று நான் தூக்கிப் போட்ட ‘பதிலாகப் பட்டது’ என்ற அந்த இரண்டு சொல்லில்தான் கதை திரும்புகிறது. எளிமைப்படுத்துகிறேன் என்று அவர்களுக்கு அதைக் கடினமாக்கிக் கொடுத்திருக்கிறேன்.

மொழி கற்பித்தலை ஆராய்ந்த விடோசன் 1978இலேயே ஒரு வேறுபாட்டைச் சொன்னார்: அசலாக இருப்பது என்பது பனுவலின் குணம், உண்மையான வாசிப்பு என்பது வாசகர் அதனோடு கொள்ளும் உறவு. கொஞ்ச நாள் இதைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் தேடினேன். இரண்டு கோடு போட்டவரின் வாசிப்பு உண்மையானதுதானே? உண்மைதான். ஆனால் அவர் உறவு வைத்துக்கொண்டது ஆசிரியரோடு என்று நம்பியிருந்தார். நடுவில் நான் நிற்பது அவருக்குத் தெரியாது.

அதன்பிறகு மூலத்தின் அந்தப் பத்தியை மட்டும் வகுப்பில் எடுத்தேன். மூன்று வகுப்புகள் ஆயின. அவர் முகம் மலர்ந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் மூன்றாவது வகுப்போடு நின்றுவிட்டாள். “எனக்கு வராது டீச்சர்” என்று மட்டும் சொன்னாள். எளிமையாக்கிய பிரதி அவளை வகுப்பில் தக்கவைத்திருக்கும் என்று நிச்சயமாக நம்புகிறேன். அதனால்தான் பிரதி தயாரிப்பதை இன்னும் விடவில்லை. இப்போது மேலே ‘சுருக்கி எளிமையாக்கியது’ என்று எழுதிவிடுகிறேன். அப்படி எழுதியதிலிருந்து யாரும் எந்தச் சொல்லுக்கும் கோடு போட்டு நான் பார்க்கவில்லை.

இத்தனை எழுதியும் ஒன்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்த பிறகு அவர் இன்னொன்றும் கேட்டார்.

“மற்ற கதைகள், டீச்சர்? அவையும் இப்படித்தானா?”

“சிலது மட்டும்” என்றேன்.

அதுவரை பதினொரு கதைகள் கொடுத்திருந்தேன். பதினொன்றும் என் கைபட்டவை. ஒன்றில் முடிவையே மாற்றியிருக்கிறேன், கடைசிப் பத்தி நீளம் என்று.

போன வாரம் வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பும்போது அவர் பையைத் திறந்தார். நூலகத்திலிருந்து எடுத்துவந்த வேறொரு தொகுப்பு உள்ளே இருந்தது. நடுவில் அடையாளத்துக்கு மடித்த காகிதம் செருகியிருந்தது. என் பிரதிகளின் காகிதம். எந்தக் கதை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. “அடுத்த வாரம் பார்க்கலாம் டீச்சர்” என்று வணங்கிவிட்டுப் போனார்.