ஒரே ஆர்டரில் இரண்டு ஹாஸ்மட் கட்டணம்: தோட்டா மறுநிரப்பும் பொருட்களை வாங்கிய அனுபவம்

அமெரிக்காவில், சுட்டு முடிந்த தோட்டாவின் காலிக் கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்பிப் பயன்படுத்துபவன் நான். கடந்த மார்ச் மாதத்தில் அதற்காக எட்டுப் பவுண்டு பவுடரும் (குண்டை உந்தும் மருந்து) ஐயாயிரம் ப்ரைமரும் (அந்த மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஒரே கடையில், ஒரே ஆர்டரில், ஒரே முகவரிக்கு வாங்கினேன். அபாயகரமான பொருளை அனுப்புவதற்கென்று வாங்கப்படும் ஹாஸ்மட் கட்டணம் ஒரு முறைதான் விழ வேண்டும் என்பதற்காகவே, பவுடர் இருக்கும் நாளில் ப்ரைமர் இல்லாமலும் ப்ரைமர் இருக்கும் நாளில் பவுடர் இல்லாமலும் போன இரண்டு மாதங்களைப் பொறுத்திருந்து, இரண்டும் ஒன்றாக இருப்பில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பணம் கட்டினேன். மறுநாள் மின்னஞ்சலில் வந்த பில்லில் 29.95 டாலர் என்ற வரி ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு முறை இருந்தது.

தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. பவுடர் ஒரு மாநிலத்தில் உள்ள கிடங்கிலிருந்தும் ப்ரைமர் வேறொரு மாநிலத்தில் உள்ள கிடங்கிலிருந்தும் கிளம்புகின்றனவாம். கிடங்கு இரண்டு என்றால் பெட்டி இரண்டு, பெட்டி இரண்டு என்றால் கட்டணமும் இரண்டு. பணம் கட்டும் பக்கத்தில் ஒரே கட்டணம்தானே காட்டப்பட்டது என்று கேட்டதற்கு, "அது கணினி தானாகப் போடுவது, சரக்கு கிளம்பிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று அந்தப் பணியாளர் சொன்னார். நல்ல வேளையாக, பணம் கட்டுவதற்கு முன்பு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தேன். அதை இணைத்து எழுதி, மேலாளரிடம் கொண்டு செல்லுமாறு மூன்று முறை கேட்டு, பதினோராவது நாளில் ஒரு கட்டணம் திரும்ப வந்தது. முப்பது டாலருக்கு இவ்வளவு போராட வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். சிக்கனத்துக்காகவே செய்யப்படும் ஒரு வேலையில், சிக்கனம் கைவிட்டுப் போகும் இடம் இதுதான் என்பதால் போராடத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

இந்தக் கட்டணம் ஏன் விழுகிறது என்பதை அறிந்துகொண்டால்தான் அதைக் கட்டுக்குள் வைக்க முடியும். புகையில்லாப் பவுடரும் ப்ரைமரும் அமெரிக்கப் போக்குவரத்து விதிகளின்படி அபாயகரமான பொருட்கள். அஞ்சலில் அனுப்ப அனுமதி இல்லை. விமானத்தில் ஏற்றாமல் தரைவழியாகத்தான், அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் கட்டி முத்திரையிட்ட பெட்டியில்தான் வர வேண்டும். கட்டணம் பெட்டிக்கு விதிக்கப்படுகிறது, எடைக்கு அன்று. நான் வாங்கிய கடைகளில் ஒரு பவுண்டுக்கும் இதே தொகைதான், 48 பவுண்டு வரை அடுக்கினாலும் இதே தொகைதான்.

என் .308 ரைஃபிளுக்கு (.308 என்பது அங்குலத்தில் குண்டின் விட்டம்) நான் நிரப்பும் அளவில் ஒரு பவுண்டுப் பவுடர் ஏறக்குறைய 160 தோட்டாக்களுக்கு வரும். ஒரு பவுண்டை மட்டும் வரவழைத்தால் ஹாஸ்மட் கட்டணமே தோட்டா ஒன்றுக்குப் பத்தொன்பது சென்ட் ஆகிவிடும். எட்டுப் பவுண்டு ஜாடியும் ப்ரைமரும் ஒரே பெட்டியில் வந்தால் அது ஏறக்குறைய 2.3 சென்டுக்கு இறங்கும். நான் தொடக்கத்தில் ஒரு பவுண்டுப் பவுடரை ஒரு கடையிலும் ஆயிரம் ப்ரைமரை மற்றொரு கடையிலும், இரண்டிலும் விலை இரண்டு மூன்று டாலர் குறைவு என்பதற்காக வாங்கி, அந்த லாபத்தைப் போல் பத்து மடங்கைக் கட்டணமாகக் கொடுத்தேன். விலைப்பட்டியலை மட்டும் பார்த்து ஓடுகிற எல்லோருக்கும் இது நடக்கும். கட்டணமும் விற்பனை வரியும் சேர்ந்து, தோட்டா ஒன்றுக்கு வீட்டு வாசலில் என்ன அடக்கம் என்று கணக்கிட்ட பிறகுதான் எந்தக் கடை மலிவு என்று சொல்ல முடியும்.

ஆகவே ஓரிரு பவுண்டு மட்டும் தேவைப்பட்டால் ஊரிலுள்ள துப்பாக்கிக் கடைக்கே போய்விடுங்கள். நான் இருக்கும் ஹூஸ்டன் பகுதியில் பவுண்டுக்கு எட்டுப் பத்து டாலர் கூடுதலாகவே சொல்வார்கள். அப்படியும் ஹாஸ்மட் கட்டணத்தைவிடக் குறைவுதான். 8.25 சதவீத விற்பனை வரி இரண்டு வழியிலும் உண்டு.

மார்ச் மாதப் பெட்டிகளின் கதை பில்லோடு முடியவில்லை. வயதுவந்த ஒருவர் கையெழுத்திட்டு வாங்க வேண்டும் என்று விற்பவர் குறித்திருந்தார். நானும் மனைவியும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கூரியர்காரர் வந்து, கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். சாதாரணப் பெட்டியாக இருந்தால் பக்கத்து மருந்துக் கடையில் வைக்கச் சொல்லி மாலையில் எடுத்துக்கொள்ளலாம். ஹாஸ்மட் பெட்டிக்கு அந்த வசதி கிடையாது என்று இணையதளம் மறுத்துவிட்டது. மூன்றாவது முறையும் தவறினால் பெட்டி விற்பவருக்கே திரும்பிப் போய்விடும், ஹாஸ்மட் கட்டணம் திரும்ப வராது, அதற்கு மேல், சரக்கை மீண்டும் இருப்பில் சேர்ப்பதற்கான கட்டணமும் பிடிப்பார்கள். எனவே இரண்டாம் நாளே, நாற்பது மைல் தொலைவிலுள்ள கூரியர் நிறுவனத்தின் சரக்கு நிலையத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, அலுவலகம் முடிந்து நெரிசலில் ஊர்ந்து, கதவை அடைக்க இருபது நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த பெண் என் ஓட்டுநர் உரிமத்தையும் பெட்டியின் ஆரஞ்சு நிற விளிம்பு கொண்ட முகவரிச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் வரிவரியாகத் தொட்டுப் படித்தார். பெயர் சரி, முகவரி சரியில்லை. வாடகை வீடு மாறி ஐந்து மாதமாகியும் உரிமத்தில் பழைய முகவரியே இருந்தது. டெக்சஸில் முப்பது நாட்களுக்குள் மாற்ற வேண்டும் என்பது விதி, நான் மாற்றவில்லை. ஆர்டர் எண், வங்கி அட்டை, கைபேசியில் பில் என்று எல்லாவற்றையும் காட்டியும், புதிய முகவரி அச்சிட்ட ஏதாவது ஒரு தாள் இல்லாமல் தர முடியாது என்று உறுதியாகச் சொன்னார். பெட்டி அவருக்குப் பின்னால், என் கண்ணுக்குத் தெரியும்படி, தரையில் இருந்தது. மறுநாள் வாடகை ஒப்பந்தத்தையும் மின்கட்டண பில்லையும் எடுத்துக்கொண்டு அரை நாள் விடுப்பில் மீண்டும் போய் வாங்கி வந்தேன். 160 மைல் பெட்ரோலும் அரை நாள் சம்பளமும் அந்தப் பெட்டியின் அடக்கவிலையில் சேர்க்க வேண்டியவைதான். அடுத்த வாரமே உரிமத்தில் முகவரியை மாற்றினேன்.

தோட்டாவின் மற்ற பாகங்களான குண்டுகளும் பித்தளைக் கூடுகளும் ஹாஸ்மட் அல்ல. அவற்றை அஞ்சலின் ஃப்ளாட் ரேட் பெட்டியில் அனுப்பலாம். எழுபது பவுண்டு வரை எடை எவ்வளவானாலும் ஒரே கட்டணம் என்பதால், ஈயமும் செம்புமாகக் கனக்கிற குண்டுகளுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. 168 கிரெய்ன் (ஒரு பவுண்டுக்கு ஏழாயிரம் கிரெய்ன்) குண்டுகள் ஆயிரம் என்றால் இருபத்து நான்கு பவுண்டு. அந்தக் கனத்தை வேறு வழியில் அனுப்பினால் என்ன ஆகும் என்று ஒருமுறை விலை கேட்டுப் பாருங்கள், புரியும். ஆனால் கனமே ஆபத்தும் ஆகிறது. ஐந்நூறு குண்டுகளை உள்ளே எந்தப் பொதியும் இல்லாமல், வெளியே ஒரே ஒரு சுற்று ஒட்டுநாடாவோடு ஒருவர் அனுப்பினார். என் கைக்கு வந்தபோது பெட்டியின் மூலை பிய்ந்து, முழுவதும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போடப்பட்டிருந்தது. ஒவ்வொன்றாக எண்ணாமல் சமையலறைத் தராசில் பகுதி பகுதியாக நிறுத்தேன்: 5,443 கிராம் இருக்க வேண்டிய குண்டுகள் 5,040 கிராம்தான் இருந்தன. குண்டு ஒன்று ஏறக்குறைய 10.9 கிராம் என்பதால் முப்பத்தேழு குண்டுகள் வழியில் சிந்தியிருக்கின்றன. தராசின் எண்ணோடும் கிழிந்த மூலையோடும் படமெடுத்து அனுப்பியதும் அவர் மறுபேச்சில்லாமல் ஐம்பது குண்டுகள் அனுப்பிவைத்தார். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே படமெடுத்துவிடுங்கள். திறந்த பிறகு சொன்னால் யாரும் நம்ப வேண்டியதில்லை.

இந்த அனுபவங்களுக்குப் பிறகுதான், எங்கள் சுடுதளத்துக்கு வரும் மூன்று நண்பர்களோடு சேர்ந்து வாங்குவது என்று முடிவு செய்தேன். நால்வருக்கும் ஆளுக்கொரு எட்டுப் பவுண்டு ஜாடி, பங்கிட்டுக்கொள்ள ஐயாயிரம் ப்ரைமர், எல்லாம் ஒரே கிடங்கிலிருந்து. ஒரே கிடங்குதானா என்பதை ஆர்டர் போடும் முன்பே தொலைபேசியில் கேட்டு, மின்னஞ்சலிலும் எழுதி வாங்கினேன். ஹாஸ்மட் கட்டணம் ஆளுக்கு ஏழரை டாலர்தான் ஆனது.

கட்டணம் குறைகிறதே என்று அளவை ஏற்றிக்கொண்டே போக முடியாது. தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495ஆம் எண் விதித்தொகுப்பின்படி, வீட்டில் இருபது பவுண்டுப் பவுடர் வரை அதன் மூலக் கலத்தில் வைக்கலாம்; அதற்கு மேல் ஐம்பது பவுண்டு வரை வைக்க ஓரங்குலத் தடிமன் கொண்ட மரப்பெட்டியோ அலமாரியோ வேண்டும்; ப்ரைமர் பத்தாயிரத்துக்கு மேல் கூடாது. முப்பத்திரண்டு பவுண்டும் என் வீட்டுக்குத்தான் வரப்போகிறது என்பதால், முதலில் மர அலமாரி செய்தேன். அதற்கு ஆன செலவையும் நால்வரும் பகிர்ந்துகொண்டோம். ஹூஸ்டன் வெயிலில் கார் கொட்டகை உலையாகிவிடும். பவுடருக்கு வெப்பம் ஆகாது என்பதால் அலமாரி வீட்டுக்குள், நீர்சூடேற்றிக்கு எட்டாத அறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தையும் வீட்டுக் காப்பீட்டையும் ஒருமுறை படித்துவிட்டு இதில் இறங்குங்கள்.

டாலஸில் இருக்கும் வேறொரு நண்பர் தனக்கும் ஒரு பவுண்டை அஞ்சலில் அனுப்பிவிடச் சொன்னார். மறுத்துவிட்டேன். அஞ்சலில் போடுவது சட்டவிரோதம், கூரியரில் அனுப்பவும் நம்மைப் போன்ற தனியாளுக்குத் தகுதியில்லை. வேண்டுமென்றால் காரில் வந்து எடுத்துப் போகட்டும். ஜாடியை உடைத்துச் சிறு டப்பாக்களில் பிரித்துக் கொடுக்கும் பேச்சுக்கும் இடமில்லை. எந்தப் பவுடர், எந்தத் தொகுதி என்பது மூலக் கலத்தின் மேல்தான் எழுதியிருக்கிறது, அது மாறிப்போனால் கையும் கண்ணும் போகும்.

இதைவிட முக்கியமான ஒன்றை நம் ஆட்கள் கவனிக்க வேண்டும். என்னோடு வேலை செய்யும், ஹெச்-1பி விசாவில் இருக்கும் ஒரு தம்பி, "துப்பாக்கிதான் வாங்கக் கூடாது அண்ணா, பவுடரும் ப்ரைமரும் வெறும் பொருள்தானே, கூட்டு ஆர்டரில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கிரீன் கார்டு வந்ததும் பயன்படுத்திக்கொள்கிறேன்" என்று கேட்டார். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தோட்டா (ammunition) என்ற சொல்லின் வரையறைக்குள் நிரப்பிய தோட்டா மட்டுமன்றி, கூடு, ப்ரைமர், குண்டு, பவுடர் ஆகிய நான்கும் தனித்தனியாகவே அடங்கும். ஹெச்-1பி போன்ற குடியேறாத விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாமல், அவற்றை வைத்திருப்பதே குற்றம். விலை மலிவு என்று நான்கு ஜாடியில் ஒன்றை வாங்கி வைத்து, பல ஆண்டுகள் காத்திருந்த கிரீன் கார்டை இழக்க வேண்டாம் என்று சொல்லி, முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கச் சொன்னேன். இன்னொன்று: ஊருக்குப் போகும்போது சுடுதளத்துக்கு எடுத்துப்போகும் பையைப் பயணப் பையாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அதன் மடிப்பில் ஒரு தோட்டா கிடந்தாலும் இந்திய விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்கு வரும்.

பதற்றத்தில் வாங்குவதும் தேவையற்ற செலவுதான். 2019இல் ஆயிரம் ப்ரைமருக்கு நான் முப்பத்து மூன்று டாலர் கொடுத்தேன். 2021இன் தட்டுப்பாட்டில், சுடுதளத்து வாகன நிறுத்தத்தில் ஒருவரிடம் அதே ஆயிரத்துக்கு 140 டாலர் கொடுத்தேன். பிறகு எண்பத்தைந்துக்குக் கிடைத்தது. ஓராண்டுத் தேவையைக் கையில் வைத்துக்கொண்டால் அடுத்த தட்டுப்பாட்டில் யார் காரின் பின்னாலும் நிற்க வேண்டியதில்லை. 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவை நிரப்பி மிச்சம் பிடிக்கலாம் என்று தொடங்குபவர்களுக்கு என் பதில் வேறு: கடைத் தோட்டாவே மலிவாகக் கிடைக்கும்போது அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. துல்லியப் போட்டிக்கான ரைஃபிள் தோட்டாவில்தான் வித்தியாசம் தெரியும். கூடு பத்து முறை உழைக்கும் என்று வைத்து, வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்று 97 சென்ட் அடக்கமாகிறது. அதே தரத்தில் கடைத் தோட்டா ஒன்றரை டாலருக்கு மேல்.

கூட்டு ஆர்டர் அக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று வீட்டிலிருந்தே வேலை செய்ய முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தேன். பதினொன்றரை மணிக்கு மணி அடித்தது. கூரியர்காரர் உரிமத்தைப் பார்த்தார், கையெழுத்து வாங்கினார், இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிட்டார். பில்லில் ஹாஸ்மட் வரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாலையில் மூவரும் வந்து தங்கள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.