தெருவேலின் காலி மலைகள்: 680 கிலோமீட்டர், கடை திறந்திருந்தால்

ஸ்பெயினின் தெருவேல் மலைகளைச் சுற்றும் 680 கிலோமீட்டர் சைக்கிள் பாதை பற்றித்தான் சொல்லப்போகிறேன், முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். இந்த மலைக் கிராமங்களில் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஒரு துண்டு ரொட்டி வாங்குவது குதிரைக்கொம்பு. சனிக்கிழமை மதியம் மூடிய கடை திங்கள் காலைதான் திறக்கும். திங்களன்று கடை திறந்தால் பார் மூடியிருக்கும், அன்று அவர்களுக்கு வார விடுமுறை. மற்ற நாட்களிலும் மதியம் இரண்டு முதல் ஐந்து வரை ஊரே அடைத்துக் கிடக்கும். பல ஊர்களில் கடையே கிடையாது. வாரத்தில் ஓரிரு நாள் ஒரு வேன் வந்து சதுக்கத்தில் ஹாரன் அடிக்கும், பாட்டிகள் பையோடு வருவார்கள், வியாபாரம் முடிந்தது. இந்தப் பாதையில் பாதியிலேயே திரும்புகிறவர்களைத் திருப்புவதில் ஏற்றத்தைவிட மூடிய ஷட்டருக்குப் பங்கு அதிகம் என்பேன்.

பாதையின் பெயர் மொண்டானியாஸ் வாசியாஸ், அதாவது காலி மலைகள். தெருவேல் நகரில் தொடங்கி தெருவேலிலேயே முடியும் வட்டம். போனிலோ ஜிபிஎஸ் கருவியிலோ ஏற்றிக்கொள்ளும் பாதை வரைபடம், ஜிபிஎக்ஸ் கோப்பு, இணையத்தில் இலவசம். மொத்த ஏற்றம் 13,000 மீட்டருக்கு மேல். தொடங்கும் நகரமே 915 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறினால் பெரும்பகுதி 1,200க்கும் 1,800க்கும் இடையில்தான். ஹவலாம்ப்ரே மலை உச்சி 2,020 மீட்டர். எட்டு முதல் பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் காட்டிலாகா மண்பாதையும் பழைய மாட்டுப் பாதையும்தான், சர்க்கஸ் வேலை குறைவு. முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் முழு சஸ்பென்ஷன் சைக்கிள் வாங்கக் கடன் வாங்காதீர்கள், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள 29 அங்குல ஹார்ட்டெயில் தாராளமாகப் போதும்.

ஏன் காலி? தெருவேல் மாகாணத்தின் பரப்பு சுமார் 14,800 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை சுமார் 1.35 லட்சம். வழியெங்கும் கூரை இடிந்த பண்ணை வீடுகள் வரும், மாசியா என்பார்கள். அவற்றைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் பலருக்குக் கதை தெரியாது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஃபிராங்கோவை எதிர்த்த கெரில்லாக்கள் இந்த மலைகளில் ஒளிந்திருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போகக் கூடாது என்று 1947-ல் ஆளுநராக வந்த ஜெனரல் பிசாரோ, பண்ணைக் குடும்பங்கள் இரவில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குள் வந்து படுக்க வேண்டும் என்று ஆக்கினார். ஆடுமாடு ஓரிடம், ஆள் ஓரிடம் என்றால் பண்ணை எப்படி நடக்கும்? அடுத்த இருபது ஆண்டுகளில் பார்சிலோனா, வலென்சியா ஆலைகள் மிச்சமிருந்தவர்களையும் இழுத்துக்கொண்டன.

மண்ணுக்கு வருவோம், ஏனென்றால் இதில்தான் பயணம் கெடும். காய்ந்திருக்கும்போது அருமையாக ஓடும் அதே பாதை, ஒரு மணி நேர மழையில் செங்கல் அறுக்கக் குழைத்த களிமண் மாதிரி ஆகிவிடும். முப்பது மீட்டர் உருட்டுவதற்குள் டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையே அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். அப்போது பெடலை மிதிக்கவே மிதிக்காதீர்கள். மண்ணும் புல்லும் சேர்ந்து கியர் மாற்றும் பின் டெரைலரைச் சக்கரக் கம்பிக்குள் இழுக்கும், அதை ஃபிரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கர் ஒடியும். உங்கள் ஃபிரேமுக்குப் பொருந்தும் ஹேங்கர் அங்கே எந்தக் கடையிலும் இருக்காது, ஊரிலிருந்தே இரண்டு எடுத்துப்போங்கள். தூக்கிச் சுமப்பதும் வீண், மண் சேர்ந்த பைக் இரட்டை எடை. சரியான வழி ரொம்பச் சாதாரணமானது. மழை நின்றபின் காற்றும் வெயிலும் இருந்தால் அரை நாள் காத்திருங்கள், மேல்பரப்பு இறுகிவிடும். காத்திருக்க முடியாவிட்டால் இணையாகப் போகும் தார்ச்சாலையைப் பிடியுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, மணிக்கு இரண்டு கார் வந்தால் அதிகம். ஃபிரேமுக்கும் டயருக்கும் இடையே ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி விட்டு டயரைத் தேர்வு செய்யுங்கள். 2.25 அங்குல அகலம் போதும், 2.6 போட்டு அடைத்துக்கொள்ள வேண்டாம்.

பஞ்சருக்குக் காரணம் நமக்குத் தெரிந்த ஆசாமிதான்: நெருஞ்சி. நம் ஊர்த் தரிசில் கிடக்கும் அதே செடி ஸ்பெயினிலும் வயலோரத்தில் படர்ந்து கிடக்கிறது. மேட்டுநிலங்களில் அலியாகா என்ற முட்புதர் வேறு. ட்யூப் போட்டு வந்தால் தினமும் பஞ்சர் ஒட்டலாம். ட்யூப்லெஸ் ஆக்கி, ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவத்தை டயருக்கு 100 முதல் 120 மில்லி ஊற்றுங்கள். காற்று வறண்டது, சீலண்ட் சீக்கிரம் காயும். அதனால் 60 மில்லி பாட்டில் ஒன்று கூடவே வேண்டும், வழியில் ஒரு முறை நிரப்ப. பக்கச்சுவர் கிழிந்தால் வைக்க ஒட்டுத்துண்டு, இரண்டு ட்யூப், ஓட்டையில் செருகும் பிளக் செட். 70 கிலோ ஆளும் 12 கிலோ சுமையும் என்றால் காற்றழுத்தம் முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ-யில் தொடங்கிப் பாருங்கள். சுண்ணாம்புத் தூசிக்கு உலர்வகைச் செயின் எண்ணெய்தான் சரி, ஈரவகை அரைத்துத் தின்றுவிடும். கியர் முன்னால் 32 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 50 அல்லது 51. சுமையோடு நீண்ட இறக்கங்கள் உண்டு, ஆகவே பிரேக் பேடு ஒரு ஜோடி கூடுதலாக.

வழியில் வரும் அல்பர்ராசின் ஊரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். குவாதலாவியார் ஆறு வளைந்து சுற்றும் பாறைமேல் சிவந்த சாந்து பூசிய வீடுகள், பின்னால் மலை ஏறும் மதில். 11-ஆம் நூற்றாண்டில் பனு ராசின் என்ற பெர்பர் குடும்பம் இங்கே தனி அரசே நடத்தியது. அங்கு போகும் வழியில் கேயா ஊருக்குப் பக்கத்தில் ரோமானியக் கால்வாயைத் தவறவிடாதீர்கள். அல்பர்ராசினிலிருந்து செயா வரை சுமார் 25 கிலோமீட்டருக்கு, கி.பி. முதல் நூற்றாண்டிலேயே மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். பாறையில் வெட்டிய சுரங்கத்துக்குள் நடந்தே போய்ப் பார்க்கலாம், காசு கிடையாது. ஊருக்கு வெளியே சிவப்பு மணற்பாறையும் பைன் காடும் கலந்த பகுதியில் பாறை ஓவியங்கள். அந்தக் காட்டுக்குள் ஓட்டும் மணி நேரங்கள்தான் மொத்த வட்டத்திலும் உச்சம். ஆனால் அல்பர்ராசினில் தங்காதீர்கள். சுற்றுலா விலை. பார்த்துவிட்டு மேலே ஏறிவிடுங்கள்.

தாஹோ ஆறு பிறக்கும் இடம், ஃப்ரியாஸ் அருகே, ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில். லிஸ்பன்வரை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் ஆற்றுக்கு அங்கே கொஞ்சம் ஈரமும் பூதாகரமான சிலைகளும் இருக்கின்றன. சிலைகள் அழகில்லை. கீழே ஆல்தோ தாஹோ பள்ளத்தாக்கில்தான் அந்த ஆறு கண்ணைப் பறிக்கிறது.

இனி செலவு. ஷெங்கன் விசா கட்டணம் 90 யூரோ, முகவர் கட்டணம் தனி. மலையில் இறங்கியபின் மிச்சம் பிடிக்க வழி உண்டு. மதியம் 'மெனு தெல் தியா' சாப்பிடுங்கள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, இனிப்பு, குடிக்க ஒயினோ தண்ணீரோ, எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 13 முதல் 18 யூரோ. பருப்பும் எலும்பும் போட்டுக் கொதித்த கிண்ணம் ஒன்று வரும் பாருங்கள், 1,500 மீட்டர் குளிரில் அதற்கு ஈடே இல்லை. இரண்டு மணிக்கு முன்னால் போனால் அடுப்பு பற்றியிருக்காது, மூன்றரைக்கு மேல் போனால் அணைத்திருப்பார்கள். இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். சைவக்காரர்களுக்குக் கஷ்டம்தான். பூண்டு சூப்பில் பன்றித்தொடைத் துண்டு மிதக்கும், 'கலப்பு சாலட்'டில் டூனா மீன் இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்றால் மீனும் ஹாமும் இறைச்சிக் கணக்கில் வராது என்று நினைப்பவர்கள் உண்டு, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மறுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தோர்தியா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட் எங்கும் கிடைக்கும், பிழைத்தீர்கள்.

ஊர் விடுதியில் அறை 40 முதல் 60 யூரோ. தனியாகப் போனாலும் ஏறக்குறைய அதே பணம், இதுதான் வயிற்றெரிச்சல். காட்டுக்குள் ஆளில்லாத கல் குடில்கள் உண்டு, இலவசம். கதவு, கணப்பு, சில நேரம் மேசை, அவ்வளவே. கூடாரம் போடுவதற்குப் பகுதிக்குப் பகுதி விதி மாறும், இயற்கைப் பூங்காவுக்குள் அபராதம் போடுவார்கள். கோடையில் காட்டில் அடுப்பு மூட்டவே மூட்டாதீர்கள்.

ஊர்க் குழாய்களில் 'நோ பொதாப்ளே', அதாவது குடிக்கத் தகாதது, என்றிருந்தால் குடிக்காதீர்கள். 'சின் த்ராதார்' என்றால் குளோரின் போடாத ஊற்று, வடிகட்டி இருந்தால் பயமில்லை. ஊர்களுக்கு இடையே 40 கிலோமீட்டர் வரலாம், மூன்று லிட்டர் கொள்ளளவு வேண்டும்.

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் மாதங்கள்தான் சரி. குளிர்காலத்தில் விஷப்பரீட்சை வேண்டாம். பக்கத்துக் கலமோச்சாவில் 1963 டிசம்பரில் மைனஸ் 30 டிகிரி பதிவாகியிருக்கிறது. மே மாதத்திலும் இரவில் உறைபனி வரும். அக்டோபரிலிருந்து வார இறுதிகளில் காட்டுப்பன்றி வேட்டை. கூட்டாகச் சேர்ந்து விரட்டி வேட்டையாடுவதைக் குறிக்கும் 'பதீதா' என்ற பலகை தொங்கினால் அந்தப் பாதையில் நுழையாமல் சுற்றிப் போங்கள், பளிச்சென்ற சட்டை அவசியம். ஆட்டு மந்தையைக் காக்கும் மஸ்தீன் நாய்கள் கன்றுக்குட்டி உயரம் இருக்கும். ஓட்டித் தப்பிக்கப் பார்த்தால் துரத்தும். இறங்கி, பைக்கை நடுவில் வைத்து, மந்தையை விட்டு விலகி நடந்தால் குரைத்துவிட்டுப் போய்விடும்.

உடம்போ பணமோ தீர்ந்தால் வெளியேற வழி ஓஹோஸ் நெக்ரோஸ் பசுமைப் பாதை. இரும்புத்தாதை சகுந்தோ துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட ரயில் தடம், தண்டவாளத்தை எடுத்துவிட்டுச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். எஸ்கந்தோன் கணவாயைத் தாண்டிவிட்டால் மத்தியதரைக்கடல் பக்கம் கிட்டத்தட்ட முழுக்க இறக்கம். வழியில் சர்ரியோன் வரும், கறுப்பு ட்ரஃபிள் காளானுக்குப் பேர்போன ஊர். அந்தக் காளான் விளையும் வேலி போட்ட ஓக் தோப்புக்குள் கால் வைக்காதீர்கள், திருடன் என்று நினைப்பார்கள்.

தெருவேலுக்கு வலென்சியா, சரகோசா இரண்டிலிருந்தும் ரயில் உண்டு, பைக்கைப் பிரிக்காமல் ஏற்றலாம். ஆனால் ஒரு வண்டியில் சில பைக்குகளுக்குத்தான் இடம், ரயில்களும் நாளுக்குச் சில மட்டுமே. தடத்தில் பணி நடந்தால் பதிலுக்குப் பேருந்து விடுவார்கள், அதில் பைக்குக்கு இடம் தருவார்களா என்பதை முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணப் பேருந்துகளில் சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டால்தான் ஏற்றுவார்கள். 300 கிராம் எடையுள்ள மெல்லிய பை ஒன்றை மடித்து சீட்டுக்கு அடியில் கட்டிவைத்திருங்கள்.