சில்வர் ஓக் அடியில் கிளைவியா: குழியைச் சின்னதாக்கிய பிறகு வந்த பூ

கோத்தகிரிப் பக்கம் சில்வர் ஓக் நிழலில் பாத்தி போட்டவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஒன்றரை அடி ஆழம் தோண்டி, தொழு உரமும் இலைமக்கும் கொட்டி நடுவோம். ஆறு மாதம் செடி செழித்து நிற்கும். அப்புறம் அப்படியே முடங்கிப்போகும். போன வருடம் அந்தப் பாத்தியைக் கிளறியபோது உள்ளே மண்ணையே காணோம். பழுப்பு நிறத்தில், பஞ்சு திரித்து வைத்த மாதிரி முழுக்க மரத்தின் வேர். பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் கொத்துக்கொத்தாக மெல்லிய வேர் விட்டு மேல்மண்ணில் படர்வது சில்வர் ஓக்கின் இயல்பு. நாம் போடும் மக்கு அதற்குத்தான் விருந்து.

இந்த முறை எருவே இல்லாமல் நட்ட எட்டுக் கிளைவியாவில் (வார் மாதிரி நீண்ட இலையுள்ள, நிழலில் வளரும் பூச்செடி) ஐந்து, பிப்ரவரிக் கடைசியில் பூத்தண்டு விட்டுவிட்டன. ஆரஞ்சு நிறம், தண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பூ. அந்த இருட்டு மூலைக்கு இதைவிடப் பொருத்தமான செடி கிடையாது என்று அடித்துச் சொல்லலாம்.

வெற்றி குழியில் இருக்கிறது. அடிமரத்திலிருந்து குறைந்தது மூன்று அடி தள்ளி, முதலில் கடப்பாரையை மெதுவாக இறக்கிப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் கனத்துக்கு வேர் தட்டினால் வெட்டக் கூடாது. அரை அடி நகர்ந்து மறுபடி குத்திப் பார்க்கலாம். குழியின் அகலம் செடியின் வேர்க்கட்டியைவிட நான்கு விரல் கூடுதலாக இருந்தால் போதும். எடுத்த செம்மண்ணையே திரும்பப் போட வேண்டும். மண் இறுக்கமாக இருந்தால் ஐந்துக்கு ஒரு பங்கு பொடிக்கல் கலக்கலாம். கிளைவியாவின் வேர் விரல் மாதிரி தடித்தது, நீரைச் சேர்த்து வைப்பது. நெருக்கத்தில் அதற்குக் கஷ்டமில்லை. செடிக்குச் செடி ஒன்றரை அடி விட்டால் சரி.

ஆழத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இலைகள் ஒன்றுசேரும் வெள்ளை அடிப்பாகம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஒரு அங்குலம் புதைந்தாலும் அக்டோபர், நவம்பர் மழையில் குருத்து அழுகிவிடும். நடு இலையை லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். அடியில் கொழகொழவென்று இருக்கும், நாற்றம் அடிக்கும். பூக்காத மூன்றில் ஒன்று இப்படிப் போனதுதான். நட்டபோது ஆழம் சரியாகவே இருந்தது. மேட்டிலிருந்து மழையில் அடித்து வந்த மண் குருத்தை மூடிவிட்டது. சரிவில் நடுகிறவர்கள் மேல்பக்கம் இரண்டு கல்லை அணையாக வைத்துவிடுங்கள்.

சில்வர் ஓக் சருகு இன்னொரு தொல்லை. கோடையை ஒட்டி அது இலை கொட்டும்போது, பெரணி இலை மாதிரிக் கிழிந்த அந்தச் சருகு நேராகக் குருத்துக்குள் போய்ச் சொருகிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும். வாரம் ஒருமுறை கையால் எடுத்துவிட வேண்டும். அதே சருகை இரண்டு அங்குலம் மூடாக்காகப் பரப்பலாம், குருத்தைச் சுற்றி ஒரு சாண் விட்டு.

தண்ணீர் விஷயத்தில் கை சும்மா இருக்க வேண்டும். மழை ஓய்ந்த பிறகு ஆறிலிருந்து எட்டு வாரம் ஒரு சொட்டும் விடக் கூடாது. அந்தக் குளிரும் மண் காய்வதும்தான் தண்டை உருவாக்குகின்றன. தண்டு நான்கு விரல் உயரம் வெளியே வந்த பிறகே தண்ணீர். அவசரப்பட்டு முன்னாலேயே ஊற்றினால் தண்டு இலைக்கு நடுவில் சிக்கி, பூ உள்ளேயே விரிந்து வீணாகிறது. பிறகு மே வரை செடிக்கு வாரம் 2 லிட்டர். உரம் என்றால், 100 கிராம் கடலைப் புண்ணாக்கை 1 லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து மாதம் ஒருமுறை.

வாங்கும்போது நாற்றை வாங்காதீர்கள். விதையிலிருந்து வந்தது பூக்க மூன்று நான்கு வருடமாவது ஆகும். பன்னிரண்டு இலைக்கு மேல் உள்ள பக்கக்கன்றாகக் கேட்டு வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. செடி முழுக்க நஞ்சு. ஆடு மாடு, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேலி தேவை.

ஹைட்ரேஞ்சியாவுக்கு இந்த மரத்தடி ஆகவே ஆகாது. நம் புளிப்பு மண்ணில் நீலம் அருமையாக வரும், ஆனால் மதியத்திலேயே துவண்டுவிடும். தொட்டியோடு புதைத்தால் அடித்துளை வழியாக மரவேர் ஏறிவிடுகிறது. இப்போது தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தாயிற்று. அடியில் காற்று ஓடுவதால் இதுவரை வேர் ஏறவில்லை.

வடக்குப் பக்கப் பாத்தி இன்னும் பாதியில் கிடக்கிறது. அங்கே பெரணி வைக்க எண்ணம். சோலைக்காட்டிலிருந்து பிடுங்கி வருவது கூடாது, அங்கே இருந்தது இங்கே பிழைக்கவும் செய்யாது, நர்சரியில் வளர்த்ததுதான். அதற்குள் கிளைவியாவில் காய் பிடித்திருக்கிறது. பழுத்துச் சிவக்க அடுத்த குளிர்காலம் ஆகும். சதையை நன்றாகக் கழுவிவிட்டு, விதையை மண்மேல் அமுக்கி வைத்தால் போதும், புதைக்க வேண்டாம். ஐந்து தண்டில் இரண்டை மட்டும் காய்க்க விட்டு, மற்றதைப் பூ வாடியதும் நறுக்கியாயிற்று.