சஸ்பென்ஷன் உயர்வை எங்கிருந்து அளப்பது?

ஸ்பிரிங்கை மாற்றி ஆஃப்-ரோடு வண்டியை உயர்த்திய பலர், தரையிலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) விளிம்பு வரை அளந்து சொல்லும் கணக்கை நான் ஏற்பதில்லை; அதில் டயரின் பங்கும் கலந்துவிடுகிறது. 31 அங்குல டயருக்குப் பதிலாக 33 அங்குல டயரை மாட்டினால், ஸ்பிரிங்கைத் தொடாமலேயே வண்டி ஏறக்குறைய 1 அங்குலம் உயர்ந்து நிற்கும். சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள ஃபெண்டர் விளிம்பு வரை செங்குத்தாக அளந்தால், டயரின் அளவோ காற்றழுத்தமோ குறுக்கிடாது. (சேஸி எனும் அடிச்சட்டத்திலிருந்து வண்டியின் கூட்டை மட்டும் உயர்த்தும் பாடி லிஃப்ட்டும் செய்திருந்தால் ஃபெண்டரை நம்பாமல், சேஸிக்கும் ஆக்ஸில் எனும் சக்கர அச்சுக்கும் இடையே அளக்க வேண்டும்.)

பழைய ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு முன்பே நான்கு சக்கரங்களிலும் அளந்து எழுதி வைப்பது மிக அவசியம். அந்த எண்கள் இல்லாவிட்டால் பிறகு ஒப்பிட எதுவும் இராது. இரு முறையும் வண்டி சமதளத்தில், ஒரே அளவு எரிபொருளுடனும் சுமையுடனும் நிற்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளந்தால், குறிப்பாக ஒவ்வொரு சக்கரமும் தனித்தியங்கும் சஸ்பென்ஷனில், டயர்கள் பக்கவாட்டில் விரிய முடியாமல் தரையைப் பிடித்து நிற்பதால், உயரம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆகவே சிறிது தூரம் ஓட்டி வந்து, வண்டி தன் இயல்பான நிலையில் அமர்ந்த பிறகே அளவு நாடாவை எடுக்கிறேன். புதிய ஸ்பிரிங்குகள் ஓட ஓடச் சற்றுத் தணியக்கூடும் என்பதால், சில வாரங்கள் கழித்து மறுபடியும் அளந்து, அந்த எண்ணையே இறுதியாகக் கொள்கிறேன்.